லேப்டாப்: இப்போதே வாங்குவதா? புதுசு வரட்டும் என்று பொறுப்பதா?

சம்பா அறுவடை முடிந்தது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

வீட்டில் பேச்சு தொடங்கியது.

"அப்பா! அறுவடை ஆனதும் லேப்டாப் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே!" என்றாள் மகள். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் படிப்புப் படிக்கிறாள்.

"அவசரப்படாதீங்கப்பா. ஆறு மாசம் பொறுத்தா இதைவிட நல்லது வரும். விலையும் இறங்கும்" என்றான் அண்ணன். சென்னையில் வேலை பார்க்கிறான். லீவில் ஊருக்கு வந்திருந்தான்.

"ஏங்க, உங்க மகனுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த லேப்டாப் பரண்மேல கிடக்குது. அதைச் சரி பண்ணினா ஆகாதா?" என்று கேட்டாள் அம்மா.

திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. காது மட்டும் உள்ளே இருந்தது.

அப்பா யோசித்தார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தெரிந்தது. யார் பேச்சைக் கேட்பது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரி பாயும் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இன்று இல்லாவிட்டால் நாளை இந்தப் பேச்சு வரத்தான் செய்யும்.

நாற்பது சிப்பம் நெல்

லேப்டாப் சின்னப் பொருள்தான். மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விலை சின்னது அல்ல.

ஒரு லேப்டாப்பின் விலை 40 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. கணக்குப் போட்டால் லேப்டாப்பின் விலை 16 குவிண்டால் நெல். 40 கிலோ சிப்பமாக எண்ணினால் சரியாக 40 சிப்பம்!

நாற்று விட்டு, நடவு நட்டு, களை எடுத்து, உரம் போட்டு, மழைக்குப் பயந்து, கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்து விற்ற நெல் அது. உழவுக் கூலி, உரக் கடன் எல்லாம் போக மிஞ்சுவதில் இருந்துதான் லேப்டாப் வாங்க வேண்டும்.

"இன்றைக்கு வாங்கிவிட்டு, நாளைக்கே இதைவிட நல்லது இதே விலைக்கு வந்துவிட்டால்?" என்ற பயம் வருவது இயற்கை.

புதுசு எப்போதும் வரும்!

அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது.

1965-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் கார்டன் மூர் என்ற விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆண்டு கழித்து இன்டெல் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் அவர் ஒருவர்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே 'சிப்' என்று ஒரு சின்னஞ்சிறு துண்டு இருக்கிறது. கணக்குப் போடுகிற வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது. அந்தத் துண்டுக்குள் அடைக்கக்கூடிய நுண்ணிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரண்டு மடங்காகிறது என்றார் மூர். 1975-ல் அதையே திருத்தி, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும் என்றார். அதற்கு 'மூர் விதி' என்று பெயர் வந்தது.

இரண்டு, நாலு, எட்டு, பதினாறு! சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை நினைவுக்கு வருகிறதா? அதேதான்.

அதற்குப் பிறகு பல பத்து ஆண்டுகள் கம்ப்யூட்டர் அந்த வேகத்தில் வளர்ந்தது. இப்போது அந்த வேகம் குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். ஆனாலும் புது மாடல் வருவது நிற்கவில்லை.

இதில் இருந்து ஒரு விஷயம் தெரிகிறது. "இதற்கு மேல் புதுசு வராது" என்று சொல்லக்கூடிய ஒரு நாள் வரப்போவதே இல்லை. கடைசி மாடல் வரட்டும் என்று காத்திருப்பவர், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

திருவண்ணாமலையில் வளர்ந்த சிறுவன்

எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு தடவை நடந்தே விட்டது. அந்தக் கதையில் வருகிறவர் நம் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்.

அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939-ல் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். ரமண மகரிஷியின் வரலாற்றை எழுதியவர். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், தாயுடன் திருவண்ணாமலையில் வளர்ந்தார் சிறுவன் ஆடம். பிறகு இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். அங்கிருந்து அமெரிக்கா போனார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை வைத்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. "கையில் தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர் வேண்டும்" என்று நினைத்தார் ஆஸ்போர்ன். 1981-ல் 'ஆஸ்போர்ன் 1' விற்பனைக்கு வந்தது. விலை 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரை உள்ளங்கை அகலம்தான்!

ஆனாலும் சக்கைப்போடு போட்டது. கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள்களையும் அந்த விலைக்குள்ளேயே கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் பத்தாயிரம் விற்கிற அளவுக்கு வியாபாரம் உயர்ந்தது.

1983-ல் ஆஸ்போர்ன் ஒரு காரியம் செய்தார். அடுத்த மாடலான 'எக்சிக்யூட்டிவ்' கடைக்கு வருவதற்கு முன்பே அதன் பெருமையைப் பேசத் தொடங்கினார்.

கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? "புதுசு வரப்போகிறதாமே! பழசை வாங்கி அடுக்கி என்ன செய்வது?" என்று கொள்முதலை நிறுத்தினார்கள். வாங்க வந்தவர்களும் "பொறுத்து வாங்கலாம்" என்று திரும்பினார்கள். பழைய மாடல் கிடங்கில் தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால்!

போட்டிக் கம்பெனிகளும் அவரை நெருக்கின; கம்பெனி விழுந்ததற்கு அந்த ஒரு பேச்சு மட்டும் காரணம் அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் வியாபார உலகம் அவர் பெயரை விடவில்லை. புதுசு வரும் என்று கேள்விப்பட்டு, வாங்குபவர்கள் கையைக் கட்டிக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே இன்றும் பெயர்.

உடல்நலம் குன்றிய ஆஸ்போர்ன் 1992-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

இந்தக் கதையில் கம்பெனிக்கு ஒரு பாடம் இருக்கிறது. வாங்குகிற குடும்பத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனி புதுசைப் பற்றிப் பேசுவது, அதற்குச் சரக்கு விற்க வேண்டும் என்பதற்காக. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது கம்பெனியின் பேச்சை அல்ல, தன் வீட்டு வேலையை!

ஆடுதுறையில் வந்த புது விதை

"கம்ப்யூட்டர் விஷயம் நமக்கு என்ன தெரியும்?" என்று தஞ்சை விவசாயி நினைக்க வேண்டாம். "புதுசை இப்போதே எடுப்பதா, இன்னும் நல்லது வரட்டும் என்று பொறுப்பதா?" என்ற கேள்விக்கு இந்த மண் ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறது.

மூர் கட்டுரை எழுதிய அதே காலம். 1960-61-ல் மத்திய அரசு, இந்தியாவில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. நல்ல விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் 'பேக்கேஜ் திட்டம்' அங்கே தொடங்கியது. அந்த ஏழில் தஞ்சாவூரும் ஒன்று.

ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்த்து அங்கே ஒரு புது ரகம் கண்டார்கள். அதுதான் ஆடுதுறை 27. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும். குறுவைக்குப் பொருத்தமான ரகம். 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டக் குறுவை வயல்களில் அது மளமளவென்று பரவியது.

அதே நேரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஐ.ஆர். 8 என்ற ரகத்தை வெளியிட்டது. குட்டைப் பயிர். சாயாது. விளைச்சல் அமோகம். ஆனால் அரிசி மோட்டா. "சோறு நன்றாயில்லை" என்ற குறை எழுந்தது. 1969-ல் ஐ.ஆர். 20 வந்தது. அது சன்ன அரிசி.

அதோடு நின்றதா? இல்லை. ஆடுதுறை 36, 37, 43, 45 என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன. லேப்டாப் மாடல் மாதிரிதான்!

1966-ல் ஒரு விவசாயி, "ஐ.ஆர். 20 மாதிரி நல்லது வரட்டும், அதுவரை வயலைத் தரிசாகப் போடுகிறேன்" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று குறுவை போயிருக்கும். போன குறுவையை எந்த விதையும் திருப்பித் தராது.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோராலும் புது விதைக்கு மாற முடியவில்லை. புது விதைக்கு உரம் அதிகம் வேண்டும். உரத்துக்குக் கையில் காசு இல்லாத குத்தகைக்காரர் பலருக்கு அது எட்டாக் கனியாக இருந்தது. கையிருப்பு இல்லாமல் புதுசில் இறங்குவது ஆபத்து என்பதையும் அந்தக் காலம் காட்டியது.

தண்ணீர் வராமல் நாற்று விடலாமா?

அப்படியானால் காத்திருப்பதே தப்பா? அதுவும் இல்லை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கும். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஜூன் மாதத்திலேயே நாற்று விட்டிருந்தால் என்ன ஆகும்? நாற்று கருகியிருக்கும்.

ஆக, விவசாயி இரண்டும் செய்கிறார். தண்ணீர் வராதபோது காத்திருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிப்பது இல்லை. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்கிறது பழமொழி. அதில் விதையைப் பற்றி ஒன்றும் இல்லை. பட்டத்தைப் பற்றித்தான் இருக்கிறது!

லேப்டாப்புக்கும் அதுவே வழி. புதுசு எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. வேலை எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்.

நாலு கேள்வி

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நாலு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: லேப்டாப்பில் செய்ய வேண்டிய வேலை இன்று இருக்கிறதா?

பிள்ளை தினமும் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும், புராஜக்ட் தயாரிக்க வேண்டும் என்றால் வேலை இருக்கிறது. செல்போன் திரையில் விரலால் தட்டி முப்பது பக்கம் எழுதுவது பெரும்பாடு. "என்றைக்காவது உதவும்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் பொறுக்கலாம். மாதத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதற்கு இ-சேவை மையம் போதும்.

இரண்டாவது கேள்வி: வீட்டில் இருக்கும் பழசைச் சரிசெய்ய முடியுமா?

முடிந்தால் செலவு பல மடங்கு குறையும்.

மூன்றாவது கேள்வி: வரப்போகும் புதுசுக்குத் தேதியும் விலையும் தெரியுமா?

"அடுத்த மாதம் இன்ன மாடல் வருகிறது, விலை இவ்வளவு" என்று கம்பெனியே அறிவித்திருந்தால் ஒரு மாதம் பொறுப்பதில் தவறு இல்லை. புதுசு வந்ததும் பழைய மாடலின் விலை இறங்குவதும் உண்டு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தால், தள்ளுபடிக்காகக் காத்திருக்கலாம். "எப்போதோ வருமாம்" என்பது காற்றில் வரும் பேச்சு. அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

நாலாவது கேள்வி: காத்திருந்தால் போவது என்ன? கிடைப்பது என்ன?

இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்க்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் ஒரு செமஸ்டர் பயிற்சி போய்விட்டால், அந்த மூவாயிரத்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இலவச லேப்டாப் கிடைக்குமா?

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு.

2011 செப்டம்பரில் தமிழக அரசு, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பல லட்சம் வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அது நின்றது. 2025 மார்ச் மாதம் வெளியான பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

எனவே கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். "பட்டியலில் பெயர் இருக்கிறதா? எப்போது கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும். பெயர் இருக்கிறது, கிடைக்கும் நாளும் பக்கத்தில் இருக்கிறது என்றால் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். 40 சிப்பம் நெல் மிச்சம்!

பரண்மேல் கிடப்பது பயன்படுமா?

பழைய லேப்டாப் ஆமை வேகத்தில் நகரும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், சேமிப்புத் தட்டு. பழைய லேப்டாப்பில் சுற்றுகிற தட்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சுற்றாத சேமிப்பைப் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். இரண்டாவது காரணம், 'ராம்' என்ற நினைவகம் போதாமை. சில லேப்டாப்பில் அதையும் கூட்டலாம். இரண்டும் பழுது பார்க்கிற கடையில் ஒரு நாளில் முடிகிற வேலை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்களில் ஒன்று 'விண்டோஸ்'. அதில் விண்டோஸ் 10 என்பதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும். ஆனால் புதிது புதிதாக வருகிற திருட்டு வேலைகளைத் தடுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வராது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் தந்தார்கள்.

விண்டோஸ் 11 வேண்டும் என்றால் சில பாதுகாப்பு உறுப்புகள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். சுமார் 2018-க்கு முன் செய்த பெரும்பாலான லேப்டாப்புகளில் அது முறைப்படி ஏறாது.

அப்படிப்பட்ட பழசைக் குப்பையில் போட வேண்டியது இல்லை. 'லினக்ஸ்' என்ற மென்பொருள் இலவசம். அதை ஏற்றினால் எழுத, படிக்க, படம் பார்க்க, இணையம் பார்க்கப் பழசு இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

விலை இறங்கும் என்பது நிச்சயமா?

"பொறுத்தால் விலை இறங்கும்" என்பது நெடுநாள் நம்பிக்கை. அது எப்போதும் பலிக்காது.

2025-ம் ஆண்டின் கடைசியில் ராம் நினைவகத்தின் விலை உலகம் முழுவதும் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்காகப் பெரிய கம்பெனிகள் பிரமாண்டமான கம்ப்யூட்டர் மையங்களைக் கட்டின. அவற்றுக்கு நினைவகம் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. தயாரிப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தட்டுப்பாடு வந்தது.

விலை இறங்கும் என்று அப்போது காத்திருந்தவர்கள் கூடுதல் பணம் கொடுக்க நேர்ந்தது. நெல் விலையைப் போலவே, சிப் விலையும் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஊகத்தை நம்பிப் பிள்ளையின் படிப்பை அடகு வைக்கக் கூடாது.

வாங்கினால் எதைப் பார்ப்பது?

வாங்குவது என்று முடிவு ஆகிவிட்டால், கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும். பயப்பட வேண்டாம். நம் ஊர்க் கணக்கில் அவை எளிது.

பிராசசர் என்பது உழவு மாடு. வேலையை இழுப்பது அதுதான்.

ராம் என்பது களம். களம் பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறைய நெல் காயப்போடலாம். ராம் அதிகமாக இருந்தால் ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும்.

எஸ்.எஸ்.டி. என்பது பத்தாயம். விளைந்ததை எல்லாம் கொட்டிச் சேமிக்கும் இடம்.

மாடு எவ்வளவு வலுவாக இருந்தாலும் களம் சின்னதாக இருந்தால் வேலை தேங்கும். எனவே எல்லாவற்றிலும் உயர்ந்த பிராசசரைத் தேடி அலைய வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு ராம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 16 இருந்தால் பல ஆண்டு கவலை இல்லை. "பிறகு ராம் கூட்ட முடியுமா?" என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். கூட்டக்கூடிய லேப்டாப் என்றால், புதுசு வரும்போது பாதிப் புதுசைப் பழசுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.

பில் வாங்க வேண்டும். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பார்க்க வேண்டும். பழுது பார்க்கும் இடம் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் சென்னைக்கு அனுப்பினால் பாதி செமஸ்டர் லேப்டாப் பஸ்ஸில்தான் இருக்கும்!

முக்கியமாக, வட்டிக்கு வாங்கி லேப்டாப் வாங்கக் கூடாது. லேப்டாப்பின் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கும். வட்டி நாளுக்கு நாள் ஏறும். இரண்டுக்கும் நடுவில் குடும்பம் நசுங்கும்.

வாங்கி முடித்த பிறகு ஆறு மாதத்துக்குப் புது மாடல் விளம்பரம் பக்கம் திரும்ப வேண்டாம். அது மனதுக்கு நல்லது!

தாத்தா வாய் திறந்தார்

சம்பா அறுவடை முடிந்த அந்த வீட்டில் பேச்சு முடிந்ததா?

"பொறுத்தா நல்லது வரும்ப்பா" என்று மறுபடியும் சொன்னான் அண்ணன்.

அப்போதுதான் திண்ணையில் இருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"தம்பி! ஆடுதுறை 27 வந்தப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. நம்ம களத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர் எங்க அப்பாகிட்ட இதையேதான் சொன்னார். அடுத்த வருஷம் இதைவிட ஒசந்த விதை வருதாம், பொறுங்கன்னார்."

"தாத்தா, உங்க அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் பேத்தி.

"அடுத்த வருஷ விதையை அடுத்த வருஷம் விதைச்சுக்கலாம். ஆத்துல தண்ணி வந்துடுச்சு. இந்த வருஷ வயலை என்ன செய்யறதுன்னு கேட்டார்."

அண்ணன் சிரித்துவிட்டான்.

மறுநாள் மகள் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. பாடமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம்!

அந்த வாரமே அப்பாவும் மகளும் அண்ணனும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்கவில்லை. அவள் படிப்புக்கு நாலு ஆண்டு தாங்கக்கூடியதை, கையில் இருந்த பணத்துக்குள் வாங்கினார்கள்.

அம்மா சொன்னதும் வீண் போகவில்லை. பரண்மேல் கிடந்த பழைய லேப்டாப்புக்கு அண்ணன் தன் காசில் எஸ்.எஸ்.டி. போட்டான். லினக்ஸ் ஏற்றினான். புரோகிராம் எழுத அது தாங்காது. ஆனால் மற்ற வேலைக்குப் போதும்.

இப்போது காலையில் காப்பி குடித்ததும் அப்பா அதைத்தான் திறக்கிறார். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்க்கிறார்.

திண்ணையில் இருந்து தாத்தா கேட்கிறார்: "எவ்வளவுடா?"